தூரின் நகரில் ஓர் ஒப்பந்தப் பத்திரம்

இத்தாலி நாட்டின் வடமேற்கில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், போ ஆற்றின் கரையில் அமைந்திருக்கிறது தூரின் மாநகர். நம் ஆண்டவரின் திருவுடலைப் போர்த்தியதெனப் பக்தர்கள் போற்றும் திருச்சீலை இந்நகரின் பேராலயத்திலேதான் காக்கப்படுகிறது. 1861-ஆம் ஆண்டு இத்தாலி ஒரே அரசாக இணைந்தபோது அதன் முதல் தலைநகராய் விளங்கியதும் இதுவே. பியட் மோட்டார் வண்டிகள் பிறந்த ஊர் என்றால் நம் ஊர் இளைஞர்களுக்கும் எளிதில் விளங்கும். இங்குச் செல்வோர் திருச்சீலையை எண்ணிச் செல்வர். அல்லது பனி மூடிய மலைமுகடுகளை எண்ணிச் செல்வர். நாம் சென்றதோ ஒரு பழைய காகிதத்தை எண்ணி.

அந்தக் காகிதம் 1852-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் எழுதப்பட்டது. தச்சுத் தொழில் செய்யும் ஒருவருக்கும், அவரிடம் தொழில் கற்க வந்த ஓர் இளைஞனுக்கும் இடையே ஆன ஒப்பந்தம் அது. கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் ஒரு குரு. அவரைத்தான் இன்று உலகம் புனித தொன் போஸ்கோ என்று வணங்குகிறது. அப்பத்திரத்தின் வாசகத்தை நாம் முன்னரே நூலில் படித்திருந்தோம். பலிபீடத்தின் முன் நிற்க வேண்டிய குரு ஒருவர், வழக்கறிஞரின் குமாஸ்தாவைப் போலக் கூலியையும் விடுமுறையையும் கணக்கிட்டு எழுத நேர்ந்தது ஏன்? இந்த வினாவோடுதான் தூரின் தெருக்களில் இரண்டு நாள் நடந்தோம்.

வேலைக்கு நின்ற சிறுவர்கள்

நகரின் நடுவே போர்த்தா பலாட்சோ என்னும் பெரிய சந்தை இருக்கிறது. காய்கறியும் பழமும் பாலாடைக் கட்டியும் மலைபோல் குவிந்திருக்க, பல நாட்டு மொழிகள் காதில் விழுகின்றன. மொரோக்கோவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் பிழைக்க வந்தோர் இப்பகுதியில் மிகுதி. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னும் இது பிழைக்க வந்தவர்களின் இடமே. அன்று வந்தவர்கள் அண்டை மலைகளிலும் சிற்றூர்களிலும் வாழ்ந்த ஏழை உழவர்களின் பிள்ளைகள்.

அக்காலத்தில் தூரின் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. புதிய வீடுகள் எழுந்தன; ஆலைகள் பெருகின. வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் கால்நடையாய் நகருக்கு வந்தார்கள். சிலர் கொத்தனார்களுக்குச் சித்தாள்களாய்ச் சாரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்தார்கள். ஆஓஸ்தா பள்ளத்தாக்கு முதலிய மலைப் பகுதிகளிலிருந்து வந்த சிறுவர்கள் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி துடைத்தார்கள். உடல் சிறியதாய் இருப்பதே அவ்வேலைக்கு அவர்களுடைய தகுதி. வேலை கிடைத்தால் ஒரு துண்டு ரொட்டி. கிடைக்காவிட்டால் பாலத்தின் அடியிலோ குதிரை லாயத்திலோ பட்டினியோடு உறக்கம். பசி திருட்டுக்கு வழிகாட்டிற்று. திருட்டு சிறைக்கு வழிகாட்டிற்று.

1841-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் குருப்பட்டம் பெற்ற யோவான் போஸ்கோ, மேற்படிப்புக்காக இந்நகரிலேயே தங்கினார். அவருக்கு ஆன்ம வழிகாட்டியாய் இருந்தவர் புனித யோசேப்பு கபாசோ. தூக்குத் தண்டனை பெற்றவர்களோடு கடைசி அடிவரை நடந்து சென்ற குரு இவர். இவர் இளங்குருவைச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுவர்கள், நல்ல உடற்கட்டும் கூர்த்த அறிவும் உடையவர்கள், பேன் கடிக்கப் பசியோடு அங்கே அடைபட்டிருந்தார்கள். விடுதலையாகி வெளியே சென்றவர்கள் சில நாள்களில் திரும்பவும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். அது ஏன் என்று இளங்குரு ஆராய்ந்தார். வெளியே அவர்களை ஏற்க எவருமில்லை என்பதே விடையாய் வந்தது. இவர்களுக்கு வெளியில் ஒரு நண்பன் இருந்திருந்தால் இவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள் என்று அவர் எண்ணினார். அவருடைய பணி முழுவதும் அந்த எண்ணத்திலிருந்து முளைத்ததே.

கோயிலுக்குள் விழுந்த அடி

சந்தையிலிருந்து தெற்கே சிறிது தொலைவு நடந்தால் அசிசி புனித பிரான்சிஸ்கு ஆலயம் வருகிறது. குறுகிய தெருவில், அடுத்தடுத்த கட்டடங்களுக்கு இடையே, அதிகப் பகட்டின்றி நிற்கும் கோயில் அது. குரு திருவுடை அணியும் சக்ரீஸ்து அறையில் நாம் நின்றோம். 1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவத் திருநாளன்று, இங்கே நடந்ததைத் தொன் போஸ்கோ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

திருப்பலிக்காக அவர் திருவுடை அணிந்துகொண்டிருந்தபோது ஒரு சிறுவன் ஓரமாய் வந்து நின்றான். பூசைக்கு உதவி செய்யும்படி கோயிற்பிள்ளை அவனை அதட்டினார். எனக்குத் தெரியாது என்றான் சிறுவன். அவ்வளவுதான், கோயிற்பிள்ளை தூசி தட்டும் கோலை எடுத்து அவன் தலையிலும் தோளிலும் அடித்துத் துரத்தினார். தொன் போஸ்கோ உரத்த குரலில் தடுத்தார். இவன் என் நண்பன், உடனே திரும்ப அழைத்து வாரும் என்றார். நடுங்கிக்கொண்டு வந்த சிறுவனிடம் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், பெற்றோரைப் பற்றிக் கேட்டார். பெயர் பர்த்தலோமேயு கரெல்லி, ஊர் ஆஸ்தி, வயது பதினாறு, தாயும் இல்லை, தந்தையும் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. உனக்குச் சீட்டியடிக்கத் தெரியுமா என்று குரு கேட்டபோது சிறுவன் முதன்முறையாகச் சிரித்தான். அன்றே சிலுவை அடையாளத்திலிருந்து ஞானோபதேசம் தொடங்கிற்று. அடுத்த ஞாயிறன்று அவன் தன் தோழர்களோடு வந்தான்.

இந்நிகழ்ச்சியை நம் மறைக்கல்வி வகுப்புகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். சிரிப்பையும் சீட்டியையும் நினைவில் வைத்திருக்கிறோம், கோலை மறந்துவிடுகிறோம். அந்த அடி தெருவில் விழவில்லை, சாராயக் கடையில் விழவில்லை. தேவாலயத்துக்குள், திருநாளன்று, பீடத்துக்கு மிக அருகில், கோயில் ஊழியர் ஒருவரின் கையால் விழுந்தது. புனித இடம் என்பதனால் மட்டும் ஒரு குழந்தை அங்கே பாதுகாப்பாய் இருந்துவிடுவதில்லை. பாதுகாப்பு வந்தது, பெரியவர் ஒருவர் கண்டும் காணாதவர்போல் இராமல் வாய் திறந்து தடுத்தபோதுதான்.

கொட்டகையும் தாயும்

அங்கிருந்து வடமேற்கே வால்தோக்கோ என்னும் பகுதிக்கு நடந்தோம். வழியில் பெருஞ்சாலைகள் கூடும் ஒரு வட்டத்தில் புனித கபாசோவின் சிலை நிற்கிறது. முற்காலத்தில் தூக்குமரம் நின்ற இடம் அது. அங்கிருந்து சில நிமிட நடையில் தொன் போஸ்கோவின் இல்லம். சிறுவனுக்கு நண்பன் கிடைத்தால் ஒரு பாதை, கிடைக்காவிட்டால் மற்றொரு பாதை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பதைக் காலால் அளந்தது போலிருந்தது.

ஞாயிறுதோறும் கூடிய சிறுவர்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது அவர்களை எங்கும் நிலையாக வைத்திருக்க இயலவில்லை. கல்லறைக் கோயில், ஆலைப் பகுதி, வாடகை அறைகள், வெறும் புல்வெளி என்று இடம் மாறிக்கொண்டேயிருந்தார்கள். கூச்சல் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். இந்தக் குருவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பேசியவர்களும் உண்டு. முடிவில் 1846-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவன்று, பினார்தி என்பவருடைய வீட்டை ஒட்டிய தாழ்ந்த கொட்டகை ஒன்று அவர்களுக்கு வாய்த்தது. கூரை தாழ்வாய் இருந்தமையால் தரையைத் தோண்டி இறக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் இன்று அழகிய சிற்றாலயம் இருக்கிறது. அதற்கருகே, 1868-ஆம் ஆண்டு அபிஷேகம் செய்யப்பெற்ற சகாய அன்னையின் பேராலயம் ஓங்கி நிற்கிறது. பழைய இல்லத்தின் அறைகள் 2020-ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளன.

அதே 1846-ஆம் ஆண்டு கடும் நோயினின்று பிழைத்த மகனுக்குத் துணையாய்த் தாய் மார்கரீத்தா நவம்பர் மாதம் கிராமத்தை விட்டு வந்தார். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. வீடில்லாத சிறுவர்கள் சிலருக்குத் தாயும் மகனும் வைக்கோல் பரப்பி இடம் கொடுத்தார்கள். அவர்களோ விடிவதற்குள் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். நாமாயிருந்தால் அதோடு கதவை அடைத்திருப்போம். 1847-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரு மழை இரவில், நனைந்து நடுங்கிக்கொண்டு மற்றொரு சிறுவன் வந்து நின்றான். கொத்து வேலை தேடி வந்த அநாதை அவன். அவர்கள் மீண்டும் கதவைத் திறந்தார்கள். தாய் சில செங்கற்களை அடுக்கிப் பலகையிட்டு அடுக்களையில் அவனுக்குப் படுக்கை அமைத்தார். உறங்குமுன் உழைப்பைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் இரண்டொரு சொல் சொன்னார். சலேசிய இல்லங்களில் இன்றும் இரவு நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் சிற்றுரைக்கு மூலம் இந்த அடுக்களையே என்பர். பின்னர் அந்த அன்னை தம் திருமண நகைகளையும் இப்பிள்ளைகளுக்காக விற்றார்.

நாம் சென்ற மாலை வேளையில் முற்றத்தில் பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளில் பலர் வேற்று நாட்டினரின் பிள்ளைகள் என்பது முகத்திலும் பேச்சிலும் தெரிந்தது. அவர்களிடையே பெரியவர்கள் சிலர் நின்றார்கள். ஒரு மூலையில் நாற்காலி போட்டு அமர்ந்து மேற்பார்வை செய்யவில்லை; ஆட்டத்தின் நடுவிலேயே நின்றார்கள். தப்பு நடந்தபின் தண்டிப்பதை விட, தப்பு நடக்க இடமில்லாதபடி உடனிருப்பதே மேல் என்பது தொன் போஸ்கோவின் முறை. அதை அவர் தடுப்பு முறை என்று பெயரிட்டு 1877-ஆம் ஆண்டு சிறு நூலாக எழுதினார். பகுத்தறிவு, இறைப்பற்று, கனிந்த அன்பு ஆகிய மூன்றும் அதன் தூண்கள். அடிப்பதற்கு அங்கே இடமில்லை.

முத்திரைத்தாளில் எழுதிய அன்பு

ஆனால் உடனிருப்பது மட்டும் போதவில்லை. ஞாயிறு முழுவதும் முற்றத்தில் மகிழ்ந்திருந்த சிறுவன் திங்கட்கிழமை காலையில் தொழிற்கூடத்துக்குச் சென்றாக வேண்டும். அங்கே முதலாளிக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததால் அடிப்பார். தொழில் கற்பிப்பதற்குப் பதில் வீட்டு வேலை வாங்குவார். சுமக்க முடியாத சுமையைச் சுமத்துவார். குருவின் அன்பு அந்தச் சுவருக்குள் எட்டாது. எனவே அவர் தம் அன்பை முத்திரைத்தாளில் எழுதினார்.

தச்சர் பெர்த்தொலீனோவுக்கும் இளைஞன் ஒதாஸ்ஸோவுக்கும் இடையே 1852-இல் ஆன அந்த ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கானது. தச்சர் தம் தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும். இளைஞன் பிழை செய்தால் வார்த்தையால் மட்டுமே திருத்த வேண்டும், வேறெவ்வகையிலும் கூடாது. தொழிலுக்குப் புறம்பான வேலைகளையோ அவன் வலிமைக்கு மிஞ்சிய வேலைகளையோ கொடுக்கக் கூடாது. ஞாயிறும் திருநாள்களும் அவனுக்கு விடுமுறை. அதுவன்றி ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஓய்வு. கூலி முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 30 சென்டெசிமி, அடுத்த ஆறு மாதம் 40, இரண்டாம் ஆண்டில் 60. இளைஞனும் வாக்களிக்கிறான்: பணிவோடும் கவனத்தோடும் உழைப்பேன் என்று. அவனுடைய நடத்தைக்குத் தொன் போஸ்கோ துணை நிற்கிறார். இதற்கு முந்திய ஆண்டிலேயே கண்ணாடித் தொழில் செய்பவர் ஒருவரோடு இத்தகைய பத்திரம் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. இதுவும் போதாதென்று கண்டதும், 1853-ஆம் ஆண்டு முதல் தம் இல்லத்துக்குள்ளேயே தையற்கூடமும் காலணிக் கூடமும், பிறகு புத்தகம் கட்டும் கூடமும் தச்சுக் கூடமும் அச்சுக்கூடமும் தொடங்கினார்.

இப்பத்திரத்தில் வியக்கத்தக்கது யாது? குழந்தைத் தொழிலாளருக்கெனப் பன்னாட்டு விதிகள் எவையும் இல்லாத காலம் அது. குழந்தைகளின் உரிமைகளைப் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை வந்தது 1989-ஆம் ஆண்டில். இந்தியா அதில் சேர்ந்தது 1992-இல். அவற்றுக்கு நூறாண்டுக்கும் முன்னரே ஒரு பங்குப் பணியாளர் கண்டுகொண்ட உண்மை இது: குழந்தையின் பாதுகாப்பு பெரியவர்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பி இருத்தலாகாது. நல்ல மனம் இன்று இருக்கும், நாளை மாறும். எழுதி, பலர் அறியக் கையொப்பமிட்டு, மீறினால் கேள்வி கேட்கும்படி வைத்தால்தான் அது நிற்கும். அதே வேளையில் காகிதம் மட்டும் இருந்து உடனிருக்கும் ஆள் இல்லாவிட்டால், அதுவும் பெட்டிக்குள் உறங்கும். முற்றமும் வேண்டும், பத்திரமும் வேண்டும்.

பெக்கி குன்று

மறுநாள் நகரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெக்கி என்னும் குன்றுக்குச் சென்றோம். திராட்சைத் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் சூழ்ந்த பகுதி. குன்றின் மேல் பெரிய ஆலயம் இருக்கிறது. கீழே, மறைந்து நிற்பது போல் சின்னஞ்சிறு வீடு ஒன்று. யோவான் வளர்ந்த வீடு அது. 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் இக்குன்றின் பகுதியிலே பிறந்த அவருக்கு இரண்டு வயது நிரம்புமுன் தந்தை இறந்துபோனார்.

அவ்வீட்டின் முன் நிற்கும்போது மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. மூத்த தாரத்து மகனான அந்தோனிக்குத் தம்பி புத்தகம் படிப்பது பிடிக்கவில்லை. உழவன் மகனுக்கு எழுத்து எதற்கு என்பது அவன் வாதம். சண்டை முற்றிக் கைகலப்பில் முடியும் நிலை வந்தபோது, தாய் ஒரு கடுமையான முடிவை எடுத்தார். 1828-ஆம் ஆண்டு பிப்ரவரிக் குளிரில், பன்னிரண்டு வயது மகனைத் துணி மூட்டையோடு வீட்டை விட்டு அனுப்பினார். அவன் மோலியா என்னும் குடும்பத்தாரின் பண்ணையில் மாடு மேய்த்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு பிழைத்தான்.

வீட்டில் அடிக்கு அஞ்சி வெளியேறும் பிள்ளை எப்படிப்பட்டது என்பதைத் தொன் போஸ்கோ நூலில் படித்தறியவில்லை. அப்பிள்ளையே அவர்தாம். நம் இரயில் நிலையங்களில் தனியே இறங்கும் சிறுவனைக் கண்டதும், ஓடிவந்த பயல், திமிர் பிடித்தவன் என்று நம் வாய் எளிதாய்ச் சொல்லிவிடுகிறது. அவன் எதிலிருந்து ஓடிவந்தான் என்று கேட்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

தஞ்சைக்கு வந்த பாதை

தூரினுக்கும் நமக்கும் நேரான தொடர்பு உண்டு. 1906-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தந்தை ஜார்ஜ் தோமாத்திஸ் தலைமையில் சலேசியத் துறவியர் சிலர் நம் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். இந்திய மண்ணில் அவர்களுடைய பணி தொடங்கியது அங்கேதான். தாய் தந்தையற்ற சிறுவர்களுக்கு உறைவிடமும் கைத்தொழிலும் தருவதே அவர்களுடைய முதல் வேலையாய் இருந்தது. வால்தோக்கோவின் முற்றம் இங்ஙனம் காவிரிக் கரைக்கு வந்தது. இன்று சென்னையில் தெருவோரச் சிறுவர்களுக்கு அன்பு இல்லமும், விஜயவாடாவில் நவஜீவனும் அவ்வழியில் பணியாற்றுகின்றன. இரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் தனியே நிற்கும் பிள்ளைகளைத் தீயவர்கள் அணுகுமுன் தாம் அணுகுவதே இத்தகைய பணியாளர்களின் முதல் முயற்சி. முதலில் பெயரைக் கேட்பது, உணவளிப்பது, நம்பிக்கை பிறந்தபின் ஊரைக் கேட்பது, வீடு பாதுகாப்பானதா என்று விசாரித்தபின்பே திருப்பி அனுப்புவது என்பது அவர்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு. கரெல்லியிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் இவைதாம்.

ஆபத்து இரயில் நிலையத்தில் மட்டும் இருந்தால் நாம் நிம்மதியாய் இருக்கலாம். 2007-ஆம் ஆண்டு நடுவண் அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்த ஆய்வு அது. மூன்று பிள்ளைகளில் இருவர் அடி உதைக்கு ஆளானதாகக் கூறினார்கள். நூற்றுக்கு 53 பேர் ஏதோ ஒரு வகையான பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினார்கள். ஆண் பிள்ளைகளும் இதில் அடங்குவர். துன்புறுத்தியவர்களுள் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியவர்கள்.

திருச்சபையின் பெயரைச் சொல்லி இவ்விடத்தில் நாம் மௌனமாய் இருத்தல் முறையன்று. குருக்களும் துறவியரும் குழந்தைகளுக்கு இழைத்த கொடுமைகள் பல நாடுகளில் வெளிவந்திருக்கின்றன; அவற்றை மூடி மறைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு நெருங்கியிருக்கும் பணி புனிதமானது. கேட்பாரற்ற நெருக்கமோ கொடியவனுக்குக் கிடைத்த வாய்ப்பாகிவிடும். இதனை உணர்ந்தே திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் புதிய சட்டம் வகுத்தார். புகாரைப் பெறும் ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருத்தல் வேண்டும், குருக்களும் துறவியரும் தாம் அறிந்ததை அறிவித்தே தீர வேண்டும் என்பது அச்சட்டம். முத்திரைத்தாளை நம் சக்ரீஸ்துக்குள்ளும் கொண்டுவந்த செயல் அது.

நம் இல்லங்களுக்கு

அன்பார்ந்த பெற்றோரே! பல பங்குகளில் பணியாற்றிய அனுபவத்தில் நாம் கண்டது ஒன்றுண்டு. துன்பப்படும் பிள்ளை நேரடியாய் வந்து முறையிடுவது அரிது. நேற்றுவரை மகிழ்ச்சியோடு சென்ற டியூஷனுக்குப் போக மாட்டேன் என்கிறது. ஒரு குறிப்பிட்ட உறவினர் வந்தால் அறையை விட்டு வெளியே வர மறுக்கிறது. விளையாட்டை விடுகிறது, படுக்கையை நனைக்கிறது, காரணமின்றி எரிந்து விழுகிறது. இவற்றைப் பிடிவாதம் என்று எண்ணி நாம் மேலும் இரண்டு அடி கொடுக்கிறோம். அந்த அடியோடு அதன் வாய் நிரந்தரமாய் அடைபட்டுப்போகிறது.

பிள்ளை ஒன்றைச் சொல்லத் துணிந்தால், முதலில் நம்புங்கள். நீ ஏன் அங்கே போனாய் என்று கேளாதீர்கள். உன்மேல் தவறில்லை என்று சொல்லுங்கள். பத்து பேர் முன்னிலையில் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். குடும்ப மானம் என்றும், பெண் பிள்ளையின் எதிர்காலம் என்றும் சொல்லி ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்காதீர்கள். மாமாதானே, சித்தப்பாதானே, வாத்தியார்தானே, சாமியார்தானே என்று இழுக்காதீர்கள். அப்படிப் பேசி முடித்த ஒவ்வொரு வழக்கிலும் குற்றவாளிக்கு அடுத்த பிள்ளையை நாமே காட்டிக் கொடுக்கிறோம்.

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. போக்சோ என்று செய்தித்தாள்களில் நீங்கள் படிப்பது இதுவே. இத்தகைய குற்றம் நடந்ததென அறிந்த எவரும் காவல் துறைக்கு அறிவிக்க வேண்டுமென்று அதன் 19-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அறிந்தும் மறைத்த பெரியவருக்குத் தண்டனை உண்டு. பிள்ளையின் பெயரையோ முகத்தையோ செய்தியில் வெளியிடலாகாது. வாக்குமூலம் பிள்ளை விரும்பும் இடத்தில், காவல் உடையில் இல்லாத அதிகாரியால், இயன்றவரை பெண் அதிகாரியாலேயே பெறப்பட வேண்டும். ஆகவே, காவல் நிலையத்துக்குப் பிள்ளையை இழுத்துச் செல்வதா என்று அஞ்சிப் பின்வாங்க வேண்டாம். பள்ளியில் அடிப்பதையும் மனம் புண்படத் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

1098 என்னும் எண்ணை உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கற்றுக் கொடுங்கள். 1996-ஆம் ஆண்டு மும்பையில் தெருவோரச் சிறுவர்களுக்காகத் தொடங்கப்பெற்ற இலவசத் தொலைபேசி உதவி இது; 2023-ஆம் ஆண்டு முதல் அரசுத் துறையே இதனை நடத்தி வருகிறது. இரவும் பகலும் அழைக்கலாம். அண்டை வீட்டுப் பிள்ளையின் அழுகுரல் கேட்டால் நீங்களும் அழைக்கலாம்.

பங்கிலும் சில ஒழுங்குகள் வேண்டும். மறைக்கல்வி வகுப்பும் பாடகர் குழுப் பயிற்சியும் கதவு திறந்த அறையில், ஒருவருக்கு மேற்பட்ட பெரியவர்கள் இருக்க நடைபெறட்டும். பீடச் சிறுவரைத் தனியே வெளியூருக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் வேண்டாம். அழைப்பவர் யாராயினும் சரி. விடுதியில் சேர்த்த பிள்ளையைப் பெற்றோர் அடிக்கடி சென்று பாருங்கள். இவ்விதிகளைக் கேட்டு ஒரு குருவோ ஆசிரியரோ வருந்த வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதனால் தச்சர் பெர்த்தொலீனோவின் மதிப்பு குறையவில்லை. பிள்ளையை நம்பி ஒப்படைத்தவர்களுக்கு அவர் கொடுத்த உறுதி அது.

விதிகளை எழுதியபின் முற்றத்துக்கும் வாருங்கள். பங்கின் இளைஞர் இயக்கத்தாரே, மாலையில் ஒரு மணி நேரம் கோயில் மைதானத்தில் பிள்ளைகளோடு நில்லுங்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக் கொடுங்கள். குடிகாரத் தந்தையின் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, அஞ்சாமல் வந்து அமர ஓர் இடம் இருக்கட்டும். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்கள் உணரவும் வேண்டும் என்பதைத் தொன் போஸ்கோ தம் முதுமையில் வற்புறுத்தினார். 1888-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் அவர் இறந்தபோது, தூரின் நகரின் தெருக்களில் திரண்ட கூட்டத்தில் முன்னாள் சித்தாள்களும் கரி துடைத்தவர்களும் இருந்தார்கள். தொழிலும் குடும்பமும் உடைய நல்ல மனிதர்களாய் இருந்தார்கள்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், உங்கள் பங்கில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென எழுதி வைத்த விதிகள் உண்டா என்று உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். உண்டென்றால் அவற்றைக் கோயில் வாயிலில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், அவரோடு அமர்ந்து எழுதத் தொடங்குங்கள்.